கண்டக்டர் வேகம்: மதுரையில் நெடுந்தூரம் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை ஐந்தே காலுக்கு நடப்பவர்கள் பாதி, ஓடுபவர்கள் கால்வாசி, டீ குடிக்க வந்தவர்கள் மீதி. ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் ஓடுகிற கூட்டம் இரண்டு மடங்காகிவிடும். புது ஷூ, புது கடிகாரம், முதல் சுற்றிலேயே யாரோ துரத்துவது போல ஓட்டம். குளத்தின் நான்கு கரையும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.2 கி.மீ. இரண்டாவது சுற்றில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். பொங்கல் கழிந்து பார்த்தால் பாதிப் பேரைக் காணோம்.

அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. 42 வயதில் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஏழாவது வாரத்தில் கணைக்கால் எலும்பில் வலி பிடித்து மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். பொழுது போகாமல்தான் நெடுந்தூர வீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன். ஆய்வகம், மூச்சை அளக்கும் முகமூடி, ரத்தப் பரிசோதனை என்று பயமுறுத்தினாலும், அவற்றில் நமக்குத் தேவையான பகுதிக்குச் செலவே இல்லை. ஒரு நோட்டு, வீட்டில் எடை பார்க்கும் மெஷின், அப்புறம் உங்கள் வாய். வாய் எதற்கு என்று கீழே வரும்.

இந்தக் கட்டுரை ஓடியே பழக்கமில்லாதவர் ஐந்து மாதத்தில் 10 கி.மீ. ஓடுவதற்கானது. அதற்கு மேல் போக ஆசைப்படுகிறவருக்கும் விதிகள் இவையேதான்.

முதலில் லேப், பிறகு ஷூ கடை

35 வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர், மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறவர் எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: ஹீமோகுளோபின். தசைக்கு ஆக்சிஜன் கொண்டு போகிற வண்டி அதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை என்று கணக்கு. எங்களோடு ஓட வந்த ஒரு அக்கா ஆறு வாரமாகியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட முடியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். பரிசோதித்தால் 8.9. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் கழித்து எங்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அதுவரை நாங்கள் அவருக்குச் சொன்ன அறிவுரைகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

முதல் எட்டு வாரம்

வாரத்தில் மூன்று நாள் போதும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நடை. நடுவில், முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி எட்டு முறை. மூன்றாம் நான்காம் வாரங்களில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்தாம் ஆறாம் வாரங்களில் நான்குக்கு ஒன்று. கடைசி இரண்டு வாரம் பத்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, மூன்று முறை. ஒரு படி கஷ்டமாக இருந்தால் அதே படியில் இன்னொரு வாரம் இருங்கள், யாரும் ஃபெயில் போடப் போவதில்லை.

இடம்? ஓரம் மண்ணாக இருக்கிற, வண்டி குறைவான பாதை எதுவானாலும் சரி. தெப்பக்குளம், ரேஸ் கோர்ஸ் மைதானம், கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம், ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கண்மாய்க் கரை. ரிங் ரோடு வேண்டாம். அங்கே விடியற்காலையில் லாரி ஓட்டுகிறவர் உங்களைவிடத் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்.

இந்த எட்டு வாரத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வேகத்தைக் குறைப்பது. கேட்க எளிது. நான் பார்த்த புதியவர்களில் பத்தில் எட்டுப் பேர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

கண்டக்டர் சோதனை

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பெரியார் பஸ் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பஸ் கிளம்பும்போது கண்டக்டர் ஒரே மூச்சில் கூவுவாரே: "ஆண்டாள்புரம், பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை, மூலக்கரை, திருப்பரங்குன்றம்!" ஓடிக்கொண்டே இதைச் சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். ஆறு நிறுத்தமும் நடுவில் மூச்சு வாங்காமல் வந்தால் அதுதான் உங்கள் நிதான வேகம். பைக்காராவில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. பழங்காநத்தத்திலேயே வண்டி நின்றுவிட்டால் நடக்கத் தொடங்குங்கள்.

நிறுத்தங்களின் பெயர்தான் என் சரக்கு. அடிப்படை ஆய்வகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஃபாஸ்டரும் அவர் குழுவினரும் 'பேச்சுச் சோதனை'யை வருடக்கணக்காகச் சோதித்தார்கள். உழைப்பு கூடக்கூட ஒரு கட்டத்தில் மூச்சு சட்டென்று வேகமெடுக்கும். அந்த எல்லையை முகமூடி மாட்டி அளப்பதும், 'இப்போது உங்களால் சௌகரியமாகப் பேச முடிகிறதா' என்று கேட்பதும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் காட்டின.

கடிகாரத்தில் இதயத்துடிப்பு காட்டுகிறதே, அது போதாதா என்பீர்கள். கடிகாரத்துக்கு உங்கள் உச்சத் துடிப்பு தெரியாது, வயதை வைத்துத்தான் ஊகிக்கிறது. 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு முறையான ஆய்விலிருந்து பிறந்ததே அல்ல. ஏற்கெனவே இருந்த சில தரவுகளின் மேல் போட்ட உத்தேசக் கோடு அது. 2001-இல் டனாகாவும் கூட்டாளிகளும் ஏராளமான தரவுகளைத் திரட்டி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். 40 வயதில் இரண்டுமே 180 காட்டும். 60 வயதில் பழையது 160, புதியது 166. சரி, புதியதாவது துல்லியமா என்றால், அதுவும் சராசரிதான். ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சர்வ சாதாரணம். கண்டக்டர் உங்கள் உடம்போடு நேரடியாகப் பேசுகிறார், அதனால் நான் அவர் பக்கம்.

ஏன் இந்த ஆமை வேகம்

நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் சைலர் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் என்று உலகத் தரத்திலுள்ளவர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். அவர்கள் கடுமையாகப் பயிற்சி செய்வார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். செய்கிறார்கள்தான், ஆனால் பத்துப் பயிற்சியில் இரண்டில் மட்டும். மீதி எட்டு பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகம். நாமோ பத்தையும் நடுத்தரமாக மூச்சிரைக்க ஓடுகிறோம். கடுமையான நாளுக்கான பலனும் இல்லை, நிதான நாளுக்கான ஓய்வும் இல்லை.

நிதானமாக ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பழைய எலிக் கதை உண்டு. 1967-இல் ஜான் ஹாலோசி எலிகளை டிரெட்மில்லில் வாரக்கணக்கில் ஓடவைத்து, பிறகு தசையைச் சோதித்தார். பள்ளியில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று மனப்பாடம் செய்தோமே, அந்த மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஓடிய எலிகளுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. நெடுந்தூர ஓட்டம் என்பது முதலில் இந்தக் கட்டுமான வேலை. வாரக்கணக்கில், சலிப்பாக, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

என் அத்தை தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போவார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழி நெடுக மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டே நடப்பார், ஒரு வாக்கியம்கூட மூச்சில் தடுமாறாது. சைலரை அவர் கேள்விப்பட்டதில்லை. கூடப் போன என் தம்பி முதல் நாள் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், மூன்றாம் நாள் வேனில் ஏறினான்.

நீளமான ஓட்டத்தின் விதி

எட்டு வாரம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நீட்டத் தொடங்கலாம். இங்கேதான் என் கணைக்கால் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே' என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சி, இன்னொன்றுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. 2008-இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. அப்படியானால் விதி பொய்யா? 2025-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் பார்த்தார்கள். 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளைத் தொடர்ந்து கவனித்ததில், வாரக் கணக்கு கூடுவதைவிட, ஒரே ஒரு ஓட்டம் திடீரென்று நீண்டபோதுதான் காயம் கூடியது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்சத் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டிய ஓட்டங்கள்தான் ஆபத்தானவை.

அதனால் நான் பின்பற்றும் விதி இது: போன ஒரு மாத நோட்டைப் புரட்டி, அதிலுள்ள மிக நீளமான ஓட்டத்தைக் கண்டுபிடியுங்கள். 5 கி.மீ. என்றால் இந்த ஞாயிறு ஐந்தரை. 8 என்றால் 8.8-க்கு மேல் வேண்டாம். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். 5-இலிருந்து 10-ஐத் தொட இரண்டரை மாதம் ஆகும்.

நான் செய்தது என்ன தெரியுமா? அதுவரை அதிகபட்சம் 8 கி.மீ. ஒரு ஞாயிறு நண்பர்கள் அழகர்கோவில் சாலையில் ஓடலாம் என்றார்கள். காற்று குளுமையாக இருந்தது, பேச்சு சுவாரஸ்யமாக இருந்தது, 14 கி.மீ. ஓடிவிட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது தெரிந்தது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்காகும். மூச்சு 'இன்னும் போகலாம்' என்று சொல்கிற நாளில் கால் அதற்குத் தயாராக இருப்பதில்லை. எலும்பின் மேல் விரல்நுனி அளவு ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது, நடக்கும்போதும் வலிக்கிறது என்றால் அது தசைவலி அல்ல. ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடியதால்தான் எனக்கு ஆறு வாரம் மூன்று மாதமானது.

வெயில்: நம் ஊருக்கான தனிக் கணக்கு

பெரும்பாலான ஆய்வுகள் 20 டிகிரி வைத்த அறையில் நடந்தவை. நாமோ சித்திரை, வைகாசியில் பகலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஓடுகிறோம். அங்கே போட்ட அட்டவணையை இங்கே அப்படியே பிரித்து ஒட்ட முடியாது.

ஓடும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் நாலில் மூன்று பங்கு வெப்பமாகத்தான் போகிறது. அதை வெளியேற்ற ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். ஒரே மோட்டாரில் இரண்டு தொட்டிக்கு ஏற்றுவது போல. வியர்வையால் ரத்தத்தின் நீரும் குறைந்துகொண்டே வரும். ஆகவே வேகம் கூடாமலே துடிப்பு ஏறும். பிப்ரவரியில் ஆறு நிறுத்தம் சொன்ன வேகத்தில் மே மாதம் மூன்றுதான் வரும். உங்கள் உடல்தகுதி எங்கும் போய்விடவில்லை. நிமிடக் கணக்கை மறந்துவிட்டுக் கண்டக்டர் சொல்கிற வேகத்துக்கு இறங்குங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. வெப்பத்தில் தினமும் ஒரு மணி நேரம் போல மிதமாக உழைத்தால் 7 முதல் 14 நாளில் உடல் பழகிக்கொள்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அந்த வியர்வையில் உப்பு குறைகிறது, துடிப்பு இறங்குகிறது. 'நான் மதுரைக்காரன், எனக்கென்ன வெயில்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பகலெல்லாம் ஏசி ஆபீசில், இரவெல்லாம் ஏசி அறையில் இருப்பவருக்கு இந்தப் பழக்கம் ஏற்பட்டிருக்காது. ஊர் உங்களுடையதாக இருக்கலாம், தோல் இன்னும் வெளியூர்தான். வெயில் கூடும் மாதத்தில் இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்து, நடையைக் கூட்டிப் பழகுங்கள்.

ஓடும் நேரம் ஐந்திலிருந்து ஆறரை. சாயங்காலம் சூரியன் இறங்கிவிட்டாலும் தார்ச்சாலையும் கட்டடங்களும் பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு வகைத் தொல்லை. சூடு குறைவு, ஈரப்பதம் அதிகம். வியர்வை சொட்டும், ஆனால் ஆவியாகாது. ஆவியானால்தான் உடல் குளிரும், சொட்டுவதால் நனைவது பனியன் மட்டும்தான்.

ஒருவர் ஓடும்போது தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கோபப்பட்டால், விழுந்தால், வெப்பத் தாக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்வை கொட்டுகிறதே, அப்படியிருக்காது என்று நினைக்காதீர்கள். ஓடுபவர்களுக்கு வியர்த்துக்கொண்டே இது வரும். 108-க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவது. தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துங்கள். இல்லையென்றால் நிழலுக்கு இழுத்துப்போய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஈரத் துண்டை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு

எடை மெஷின் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. ஒரு மணி நேரம் ஓடப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். வந்ததும் வியர்வையைத் துடைத்து மறுபடி பாருங்கள். போகும்போது 62.0 கிலோ, வந்தபோது 61.1, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால் உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். ஜனவரியில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி உங்களையே ஆச்சரியப்படுத்தும்.

அதற்காக இழந்த அத்தனையையும் ஓடும்போதே குடித்துத் தீர்க்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். சோடியம் மிகவும் தாழ்ந்தால் மூளை வீங்கும், உயிரே போகலாம். தாகம் எடுத்தால் குடியுங்கள். ஓடிவிட்டு வந்து எடை கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல், அல்லது சித்திரை வெயிலில், ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கரைக்கிற அதே கணக்கு. எலுமிச்சை பிழிந்தால் குடிக்க நன்றாக இருக்கும். ஓடி முடித்த பிறகு உப்புப் போட்ட நீர்மோரை வெல்ல எதுவும் கிடையாது. ஜிகர்தண்டாவை ஓட்டத்துக்கான பானமாக நிரூபிக்க என் நண்பர் ஒருவர் பல வருடமாக முயல்கிறார். அவருக்கு என் ஆதரவு உண்டு, ஆய்வின் ஆதரவு இல்லை.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் கடுமை

மூன்று மாதம் வலியில்லாமல் ஓடிய பிறகு, வியாழக்கிழமையை மட்டும் வேக நாளாக்கலாம். நார்வேயில் யான் ஹெல்கெருட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. நான்கு நிமிடம் கடும் வேகம், மூன்று நிமிடம் மெதுவோட்டம், இப்படி நான்கு முறை. எட்டு வாரத்தில், இதைச் செய்தவர்களின் ஆக்சிஜன் உச்ச அளவு, அதாவது உடலால் அதிகபட்சம் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜன், 7 சதவீதம் போலக் கூடியது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே பயிற்சியிலிருந்த இளைஞர்கள், வாரம் மூன்று நாள் செய்தார்கள். உங்களுக்கு இரண்டு நிமிட வேகம், இரண்டு நிமிட நடை, நான்கு முறை, வாரம் ஒரே நாள். வேகமென்றால் 'ஆண்டாள்புரம், பழங்காநத்தம்' வரை மட்டும் சொல்ல முடிகிற வேகம். எம்ஜிஆர் விளையாட்டரங்க டிராக் இதற்குத் தோதான இடம். உள் தடத்தை வேகமாக ஓடுபவர்களுக்கு விட்டுவிட்டு வெளித் தடத்தில் ஓடுங்கள், இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் "அண்ணே, தடம்!" என்று கத்துவார்கள்.

மறுநாள் தொடை வலித்தால் 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது' என்று யாராவது சொல்வார்கள். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும், அதைத் தசையும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் வலி தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. நிதானமாக நடந்தால், நன்றாகத் தூங்கினால் போய்விடும்.

சில்லறை விஷயங்கள்

ஷூ: 2017 வாக்கில் கார்பன் தகடு வைத்த ஷூக்கள் ஆற்றல் செலவை 4 சதவீதம் குறைப்பதாக ஆய்வு வந்து பெரிய பரபரப்பானது. அது பந்தய வீரர்களின் கவலை. உங்களுக்கு, போட்டதும் எங்கும் உறுத்தாத ஷூ போதும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் அரை இஞ்ச் இடம் இருக்கட்டும். சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ ஒலிம்பிக் வரை போன ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலில்தான் ஓடினார். அதைக் கேட்டு நாளைக்கே ஷூவைக் கழற்றாதீர்கள். சிறுவயதிலிருந்து வெறுங்காலில் வளர்ந்த பாதமும் இருபது வருடம் ஆபீஸ் ஷூவுக்குள் இருந்த பாதமும் ஒன்றல்ல.

வலு: செவ்வாயும் சனியும் பதினைந்து நிமிடம். மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது. தசை வலுத்தால் அதே வேகத்துக்கு ஆகும் ஆற்றல் குறையும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஓடும் முன் அசையாமல் நின்று காலை இழுத்து நீட்டுவது காயத்தைத் தடுப்பதாகப் பெரிய ஆதாரம் இல்லை. ஐந்து நிமிட நடையே மேல்.

சாப்பாடு: ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், அல்லது ஒன்றும் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிறவர்கள்தான் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும். ஓடி வந்ததும் இட்லி, சாம்பார், முட்டை. கீரைக்கு மேல் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதை டீ கெடுக்கும். எடை குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு ஓட்டத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், கவனமாக இருக்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, ஓடுகிற உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். எலும்பு பலவீனமாகும். டாக்டரைப் பாருங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

நோட்டும் 12 நிமிடமும்

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, எத்தனை நிமிடம், எத்தனை நிறுத்தம் சொல்ல முடிந்தது, எப்படித் தூங்கினேன், எங்கே வலி. ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் போடுவதைப் போடுங்கள், ஆனால் அங்கே பிறர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே வேகம் கூடிவிடுகிறது. நோட்டை யாரும் லைக் செய்வதில்லை.

மூன்றாம் மாத முடிவில் ஒரு முறை, ஆறாம் மாதத்தில் ஒரு முறை கூப்பர் சோதனை செய்து பாருங்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் கொண்டுவந்தது. 400 மீட்டர் டிராக்கில் 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று அளக்க வேண்டும். மீட்டர் கணக்கிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு மில்லிலிட்டரில் உத்தேசமாகக் கிடைக்கும். சரியாக ஐந்து சுற்று, அதாவது 2,000 மீட்டர் என்றால் 33.4. பக்கத்தில் ஓடியவருக்கு 41 வந்தது என்று மனம் உடைய வேண்டாம். கிளாட் பூஷார் குழுவின் ஹெரிடேஜ் ஆய்வில் எல்லோருக்கும் ஒரே 20 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு இந்த அளவு கிடுகிடுவென்று ஏறியது, சிலருக்கு அசையவே இல்லை, அதுவும் குடும்பம் குடும்பமாக. உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு சோதனையையும் ஒரே மாதிரி குளுமையான விடியலில் செய்யுங்கள். ஜனவரி எண்ணையும் ஏப்ரல் எண்ணையும் ஒப்பிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

சித்திரைத் திருவிழா, தீபாவளி, காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் வரும். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் முழுக்க நிறுத்தியபோதே முதல் மூன்று வாரத்தில் ஆக்சிஜன் உச்ச அளவு 7 சதவீதம்தான் குறைந்தது என்று 1984-இல் எட்வர்ட் காயல் குழு கண்டது. ஒரு வாரம் விட்டால் விட்டதுதான், அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்த 30 நாள் விதி அங்கேயும் பொருந்தும்.

முதல் 10 கி.மீ. பந்தயம் வருகிறது என்றால் கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வியாழக்கிழமை வேகத்தை மட்டும் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தயத்தன்று புது ஷூ, புது பனியன், புது பானம் எதுவும் கூடாது. கூட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள். விசில் ஊதியதும் முன்னால் நிற்பவர்கள் பாய்வார்கள், உங்கள் காலும் பாயப் பார்க்கும். முதல் இரண்டு கிலோமீட்டர் வரை ஆறு நிறுத்தமும் வர வேண்டும். பக்கத்தில் ஓடுபவர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும், ஆண்டாள்புரத்திலிருந்து சத்தமாகவே தொடங்குங்கள்.